அடிப்பவரின் காது யார் கணக்கில்?

என் பெரியப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தம். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஊர்த்தெருவில் 'செவிடன்' என்று கேலி. அதே ஊர்த்தெருவின் சாவுகளுக்கு விடிய விடியப் பறையடித்துத்தான் அந்தக் காது போனது.

கொஞ்சம் அறிவியல் பேசுவோம், தோழர்களே. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் எதிரொலி தாங்க முடியவில்லை. வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் காரணம் தேடினார். மனித உடலும் உடுப்பும் ஒலியை உறிஞ்சுகின்றன என்பதை அளந்தே காட்டினார். ஓர் ஆள் உறிஞ்சும் ஒலி, சுமார் அரை சதுர மீட்டர் திறந்த சன்னல் வழியே வெளியேறும் ஒலிக்குச் சமம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு இந்தக் கணக்கை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்பவரின் உடல் அன்றே கணக்கில் வந்துவிட்டது.

அடிப்பவரின் உடல்?

உடலில் அதிகம் உறிஞ்சுவது உடுப்புதான். வெறும் தோல் காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். காது அப்படியல்ல. செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் ஒலியை உள்ளே கடத்துகின்றன. உட்செவியில் சுமார் 15,000 மயிர்செல்கள். செத்தால் மீண்டும் முளைக்காது. 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். நெஞ்சோடு அணைத்து அடிக்கும் பறை அந்த அளவைத் தொடாது என்பவர்கள் அளந்து காட்டட்டும். எந்தச் சாவு வீட்டில் பறை 15 நிமிடத்தில் நிற்கிறது?

ஆலையில் இரைச்சலுக்கு வரம்பு வைத்த சட்டம் சாவு வீட்டு வாசலுக்கு வருவதில்லை. ஏனென்றால் சாதி அதை வேலை என்றே ஒப்புக்கொள்ளவில்லை; 'ஊர்க் கடமை' என்று பெயர் வைத்தது. வேலை என்றால் கூலி, ஓய்வு, இழப்பீடு கேட்கலாம். கடமைக்கு என்ன கேட்பது?

இன்று கல்லூரி மேடைகளில் நாம் பறையை விடுதலையின் ஒலி என்கிறோம். சரிதான். ஆனால் அந்த ஒலியைத் தலைமுறை தலைமுறையாகத் தன் செவிக்குள் வாங்கிச் செவிடானவரை மேடைக்குக் கீழே நிறுத்திவிட்டு எந்த விடுதலை? நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திடம் கேளுங்கள்: ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை, இலவசக் காது கேட்கும் கருவி, கேள்திறன் இழப்புக்கு இழப்பீடு. நீங்கள் அடிக்கும்போது காதடைப்பான் போடுங்கள். உங்களுக்குக் கற்றுத்தந்த ஆசானுக்கும் ஒன்று கொடுங்கள்.

பறை ஒலிக்கட்டும். அடிப்பவருக்கும் அது கேட்கட்டும்.