சிலைக்குக் கடற்கரை, நமக்கு?

சென்னையின் பெருமை எது என்று கேட்டால் மெரினா, உழைப்பாளர் சிலை, கண்ணகி சிலை என்று அடுக்குகிறார்கள். 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது, தமிழ்ப் பண்பாட்டுக்கே அவமானம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2006இல் சிலை கடற்கரைக்கே திரும்பியது.

அதே ஆண்டுகளில்தான் நகரத்துச் சேரிகளிலிருந்து நம் மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். பெரும்பாலோர் தலித்துகள். அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர்! வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில். வீடு மட்டும் ஊருக்கு வெளியே. ஊர் வேறு, சேரி வேறு என்பது கிராமத்துச் சங்கதி என்று நாம் வகுப்பறையில் படித்தோம். மாநகரம் அதையே அரசாணை போட்டுச் செய்கிறது.

சிலையை எடுத்தால் பண்பாட்டுக்கு இழுக்கு. மக்களை எடுத்தால் நகரத்துக்கு அழகா?

தோழர்களே, உழைப்பாளர் சிலை முன் செல்ஃபி எடுங்கள், தவறில்லை. அப்படியே பஸ் ஏறிக் கண்ணகி நகருக்கும் வாருங்கள். இந்த நகரத்தைக் கட்டியவர்களும் கூட்டுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். சிலைக்குக் கிடைத்த நீதியைத்தான் நாம் கேட்கிறோம்: இருந்த இடத்திலேயே இடம்.