கடாரத்துக் கரித்துண்டும் நம் கடமையும்

கடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்கிறது. இராசேந்திர சோழனின் பெயர் ஒலிக்காத தமிழ் விழா மேடையே இல்லை எனலாம். 1025-ஆம் ஆண்டு அவன் கடற்படை கடாரத்தை வென்றதையும், ‘கடாரம் கொண்டான்’ என்று அவன் பட்டம் பெற்றதையும் நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால், நம் பேரவை உறுப்பினர்களில் எத்தனை பேர் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் கால் வைத்திருக்கிறோம்? அங்கே அடுக்கியிருக்கும் செங்கல் ஒன்றின் வயதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு நண்பர் கேட்டால், நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பெருமை பேசும் உரிமை நமக்கு உண்டு. அந்தப் பெருமையை ஆய்வுக்கூடத்தில் உரசிப் பார்க்கும் துணிவும் நமக்கு வேண்டும் என்பதே என் வாதம்.

ஏட்டிலிருந்து மண்ணுக்கு

கடாரத்தை நாம் முதலில் அறிந்தது ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும்தான். பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் என்பது கடாரமே என்று உரைகாரர் சொன்னார். கடாரத்து மன்னன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுந்ததையும், அதற்கு முதலாம் இராசராசன் காலத்தில் ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்டதையும் லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. போருக்கு முன்பே நட்பும் வாணிகமும் இருந்தன என்பதற்கு அது சான்று.

கெடாவின் மண்ணிலும் சான்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி இங்குள்ள இடிபாடுகளைப் பதிவு செய்தார். 1930-களின் இறுதியில் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவி டோரதியுடன் வந்து அகழ்ந்து, முப்பது இடங்களைப் பட்டியலிட்டு 1940-இல் வெளியிட்டார். 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டெர் லேம்ப் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை மீட்டு நிறுத்தினார். இன்று அருங்காட்சியக வளாகத்தில் நாம் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தச் சண்டியின் முன்னால்தான்.

அந்தக் காலத்து ஆய்வாளர்கள் வயதைக் கணித்தது பெரும்பாலும் கண்ணால்தான். சிலையின் சாயல், எழுத்தின் வடிவம், பீங்கான் ஓட்டின் வகை ஆகியவற்றை வைத்து நூற்றாண்டைச் சொன்னார்கள். 2009-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு, பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில், சுங்கை பத்துவில் அகழத் தொடங்கியபோது நிலைமை மாறியது. செம்பனை மரங்களுக்கு நடுவே இரும்பு உருக்கிய உலைகளும், காற்றூதும் களிமண் குழாய்களும், இரும்புக் கசடும், செங்கல் கட்டடங்களும் குவியல் குவியலாக வெளிப்பட்டன. இவற்றுக்குச் சிலையும் இல்லை, எழுத்தும் இல்லை. அறிவியல்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது.

கரி பேசும் மொழி

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கும்போது, கதிரியக்கக் கார்பன்-14 அணுக்களும் சிறிதளவு உள்ளே போகின்றன. மரம் இறந்ததும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். உலையில் எஞ்சிய கரித்துண்டில் மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் காலம் தெரியும். 1940-களின் இறுதியில் வில்லர்ட் லிபி கண்ட இந்த வழிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செங்கல்லுக்கு வேறு முறை. மண்ணிலுள்ள குவார்ட்சு மணிகள் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் ஆற்றலைச் சேமித்துக்கொண்டே இருக்கும். சூளை நெருப்போ சூரிய ஒளியோ பட்டால் அந்தச் சேமிப்பு காலியாகிவிடும். பிறகு மீண்டும் முதலிலிருந்து சேரத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் அந்த மணிகள்மீது ஒளி பாய்ச்சி, வெளிவரும் ஒளிர்வை அளந்தால், செங்கல் கடைசியாகச் சுடப்பட்ட காலம் கிடைக்கும். சுங்கை பத்துவின் வட்ட அடித்தளம் கொண்ட செங்கல் சின்னத்துக்குக் கி.பி. 110 என்ற வயது சொல்லப்பட்டது இவ்வகை ஆய்வால்தான்.

ஓர் எண்ணும் அதன் வால்களும்

பிறகு எண்கள் ஏறின. கி.மு. 535 என்றார்கள். அதன்பின் கி.மு. 788 என்றார்கள். தென்கிழக்காசியாவின் ஆகப் பழைய நாகரிகம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நம்மவர்களும் அதைக் கைப்பேசியில் அனுப்பி மகிழ்ந்தோம். வரலாற்று அறிஞர் சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நாம் பகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு அறிவியல் காரணம் உண்டு.

முதலாவது, கரித்துண்டு சொல்வது மரத்தின் வயதை. உலை எரிந்த நாளை அன்று. முந்நூறு ஆண்டு வாழ்ந்த காட்டு மரத்தின் நடுத்தண்டை வெட்டி எரித்தால், கரி முந்நூறு ஆண்டு முன்தள்ளியே பேசும். இரண்டாவது, காற்றிலுள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் ஆய்வுக்கூட எண்ணை மர வளையங்களைக் கொண்டு அமைத்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். அந்த அட்டவணையில் கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை ஏறத்தாழச் சமதளம். அந்த நானூறு ஆண்டுகளில் எந்த ஆண்டு என்று கரியால் மட்டும் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். ஆகவே, அந்தக் காலப்பகுதிக்குள் விழும் எந்தக் கரித் தேதியையும் ஒற்றை ஆண்டாக மேடையில் முழங்குவது சரியன்று. மூன்றாவது, ஒரு துண்டு போதாது. ஒரே மண்ணடுக்கில் பல துண்டுகள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கல் கெடாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் கீழடியின் கரி மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்ற காலத்தை மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அதுவும் அதே சமதளத்தில்தான் விழுகிறது. 2025 சனவரியில், சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அங்கே ஒரு தரப்பு கொண்டாட, மறுதரப்பு ஐயுற, ஆய்வறிக்கை அரசியல் அறிக்கையாகிவிடுகிறது. இங்கும் அதே கதைதான். கடாரம் இந்துக்களுடையது என்று ஒரு கூட்டம், இந்தியருக்கு இதில் பங்கே இல்லை என்று இன்னொரு கூட்டம். இடையில் கரித்துண்டு சொல்ல வந்ததைக் கேட்பார் இல்லை.

செங்கல் தந்த தீர்ப்பு

குவாரிட்ச் வேல்ஸ் தம் ஆய்வின் தலைப்பிலேயே, இது மலாயாவில் பண்டை இந்தியரின் குடியேற்றம் என்று முடிவு கட்டிவிட்டார். ஏகாதிபத்திய நாட்டிலிருந்து வந்தவர் கண்ணுக்கு எல்லாம் குடியேற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அண்மைக் காலத்தில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் சுலிஸ்கண்டார் ராம்லி போன்றோர் சண்டிகளின் செங்கற்களை எக்ஸ் கதிர் முறைகளால் பகுத்துப் பார்த்தார்கள். செங்கல்லின் தனிமச் சேர்க்கை இப்பகுதி ஆற்றுப்படுகைக் களிமண்ணோடு ஒத்துப்போனது. செங்கல் இந்த ஊர் மண்ணால் ஆனது. சிவனும் புத்தனும் கடல் கடந்து வந்தார்கள்.

கண்ணாடி மணிகளும் இப்படித்தான். சுங்கை மாசில் கிடைத்த சின்னஞ்சிறு மணிகள், புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தவற்றோடு ஒரே மரபைச் சேர்ந்தவை. கண்ணாடியின் வேதிக் கூறுகளைக் கொண்டு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று இப்போது தேட முடிகிறது.

இது நமக்குத் தோல்வியா? இல்லை என்பேன். வென்றவன், தோற்றவன் என்ற கதையைவிட, இரு கரைகளிலும் இருந்த கைகள் சேர்ந்து ஒரு துறைமுகத்தை எழுப்பின என்ற கதை பெரியது. இந்நாட்டில் பல இனத்தோடு வாழும் நமக்கு அந்தக் கதையே அதிகம் பயன்படும்.

கடல் இருந்த இடம்

சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் போகிறவர்களுக்கு ஓர் ஐயம் வரும். கடலே தெரியாத இந்த இடத்தில் துறைமுகமா? விடை மண்ணடுக்கில் இருக்கிறது. சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. குனோங் ஜெராய் அன்று நீர் சூழ நின்றது. பிறகு கடல் இறங்கியது. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. கரை மேற்கே நகர்ந்தது. நிலத்தைத் துளையிட்டு எடுத்த மண்ணில் சதுப்புநிலத் தாவரங்களின் மகரந்தமும் சிப்பி ஓடும் இருந்தால், அங்கே ஒரு காலத்தில் உப்புநீர் ஏறியிறங்கியது என்று பொருள். 1980-களில் ஜேன் ஆலன் கெடாவின் நிலவடிவங்களையும் படிவுகளையும் ஆராய்ந்து, இன்று உள்நாட்டில் கிடக்கும் இடங்கள் அன்று நீர்வழியை ஒட்டி இருந்ததை விளக்கினார்.

இரும்பு உருக்கக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். காடு போனால் மலைமண் ஆற்றில் இறங்கும். ஆறு தூர்ந்தால் கப்பல் வராது. ஒரு துறைமுகத்தின் வாழ்வையும் தாழ்வையும் மகரந்தத் துகளில் தேடலாம் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

இடித்த பிறகு அழுவதா?

2013-இன் இறுதியில் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டி 11, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது தெரியவந்தது. நாடெங்கும் குரல் எழுந்தது. நம் இயக்கங்களும் அறிக்கை விட்டன. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சண்டி அதன்கீழ்ப் பதிவு பெறவில்லை. அது நின்றபோது அதற்காகப் பேசியவர் எத்தனை பேர்? சான்று அழிந்தபின் கண்ணீர் விட்டால், அந்த மண்ணடுக்கு திரும்ப வராது. இடிந்த செங்கல்லை மறுபடி அடுக்கலாம். அடியில் இருந்த கரியை அடுக்க முடியாது.

நல்ல செய்தியும் உண்டு. 2023-இல் யான் வட்டாரத்தின் புக்கிட் சோராசில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோது, ஆளுயரச் சுதைச் சிற்பங்களோடு புத்தச் சின்னம் ஒன்று வெளிப்பட்டது. கெடா மண் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

நம் தோட்டமும் தொல்லியலே

இந்தப் பழைய மண்ணின்மீதுதான் நம் பாட்டனும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். சுங்கை பத்துத் தோட்டத்துக்குள்ளேயே வேல்ஸ் சண்டி ஒன்றைக் கண்டார். காண்டாவாளி தூக்கி நடந்த பாதைக்கு அடியில் கடாரம் கிடந்தது. இன்று அந்தத் தோட்டங்களே தொல்பொருளாகிக்கொண்டிருக்கின்றன. லயங்கள் இடிந்து செம்பனை ஏறிவிட்டது. மக்கள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்துவிட்டார்கள். கோயில் இருந்த இடம், இடுகாடு, கிணறு, பால் கொட்டகை எல்லாம் முதியோர் நினைவில் மட்டும் இருக்கின்றன.

மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த மண்ணில் பாஸ்பேட் கூடுதலாக இருக்கும். கட்டடம் போனாலும் மண்ணைச் சோதித்து லயம் நின்ற இடத்தைக் காட்டலாம். புதைந்த பால் மங்கும் எனாமல் தட்டும் அக்காலத்து வாழ்க்கையைச் சொல்லும். ஆயிரம் ஆண்டுக் கடாரத்துக்குப் பயன்படும் அறிவியல் நூறாண்டுத் தோட்டத்துக்கும் பயன்படும். எழுதப்படாத ஏழைகளின் வரலாற்றுக்கு மண்ணைவிட நல்ல ஏடு ஏது?

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவம், சட்டம், பொறியியல் என்று நம் பெற்றோர் கனவு காண்பதில் குற்றமில்லை. வறுமையிலிருந்து மீண்ட சமுதாயம் பாதுகாப்பான வேலையைத் தேடத்தான் செய்யும். ஆயினும் வேதியியல், புவியியல், உயிரியல் படிக்கும் நம் மாணவர் சிலராவது இறுதியாண்டு ஆய்வுக்குக் கெடாவின் மண்ணை எடுக்கலாமே. தமிழ் படிப்போர் செப்பேட்டையும் கல்வெட்டையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். பேரவை ஆண்டுக்கு ஒருமுறை மெர்போக்குக்கும் சுங்கை பத்துவுக்கும் பயணம் ஏற்பாடு செய்யலாம். படம் எடுக்க மட்டுமன்றி, ஆய்வாளரிடம் கேள்வி கேட்கவும். பட்டதாரி அண்ணன்மார், அக்காமார் தாம் பிறந்த தோட்டத்தின் வரைபடத்தை முதியோரிடம் கேட்டு வரைந்து தரலாம். எங்கே கோயில், எங்கே கிணறு என்று குறித்துவைத்தால், நாளை அகழ்பவனுக்கு அதுவே வழிகாட்டி.

தோழர்களே, கடாரத்தைப் பற்றிப் பிறர் கண்டு சொன்னதைக் கைதட்டி வரவேற்கும் கூட்டமாக நாம் நீண்ட காலம் இருந்துவிட்டோம். அடுத்த அகழ்குழியில் மண்வாரி பிடித்திருப்பவரும், ஆய்வுக்கூடத்தில் அந்தக் கரியை அளப்பவரும், வந்த எண் நமக்குப் பிடித்ததோ இல்லையோ அதை அப்படியே எழுதுபவரும் நம்மிலிருந்து வரவேண்டும்.