கொலைக்குக் கடவுள் ஜாமீனா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு டீக்கடை ஓரமாகப் பத்து நிமிஷம் நின்று நம் வாலிபர்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். ஒருவன் இன்னொருவனைப் பேச்சில் மடக்கிவிட்டால் கூட இருப்பவர்கள் "தக் லைஃப்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். 2025-ம் வருஷத்தில் அந்தப் பெயராலேயே ஒரு தமிழ் சினிமாவும் வந்தது. இந்தச் சொல் அமெரிக்க நீக்ரோ வாலிபர்களின் பாட்டின் வழியாக உலகத்தைச் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதும், அதைச் சொல்லுகிறவர்கள் எவரையும் கொல்லப் போகிறவர்கள் அல்ல என்பதும் நமக்குத் தெரியும். அவர்களைக் குற்றஞ்சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு உடையவர்கள் யார், அவர்களைப் பற்றி உலகம் 200 வருஷமாக ஏன் இவ்வளவு ஆசையோடு பேசிக்கொண்டே இருக்கிறது, அதனால் லாபம் அடைந்தவர் யார், நஷ்டம் அடைந்தவர் யார் என்பதைச் சிறிது யோசித்துப் பார்க்க வேண்டாமா என்றுதான் கேட்கின்றோம்.

தக்கர் என்பது வஞ்சகர் என்று பொருள்படும் வடநாட்டுச் சொல். வழிப்போக்கர்களோடு சிநேகிதர் போல் சேர்ந்து, பல நாள் கூடவே நடந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, தனி இடம் வந்ததும் "புகையிலை கொண்டு வா" என்பது போன்ற ஒரு அடையாளச் சொல்லைச் சொன்னவுடன், ஒருவன் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்க, மற்றொருவன் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, ஆளை முடித்துப் புதைத்துவிட்டு மூட்டையைப் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டத்தாருக்கு அந்தப் பெயர். இது ஏதோ கங்கைக் கரையில் மாத்திரம் நடந்த சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். தென்னாட்டில் இவர்களுக்குப் பான்சிகர் என்று பெயர். கன்னடத்தில் தந்திக் கள்ளர் என்றார்கள். தர்மபுரி அடங்கிய பாராமகால் 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆனபின், 1807-ல், திருவாங்கூர் வரை போய்க் கொள்ளையோடு திரும்பிய ஒரு கூட்டத்தார் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே பிடிபட்டார்கள். 1816-ல் ஷெர்வுட் என்ற டாக்டர் சென்னையில் இவர்களைப் பற்றி விவரமாக எழுதினார். வடக்கே ஸ்லீமன் என்ற துரை பெயர் எடுத்ததெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சரி, கம்பெனியாருக்கு இவர்கள்மேல் எப்போது அக்கறை வந்தது? ஏழை வழிப்போக்கன் செத்தபோதா? 1810-ல் ஒரு ராணுவ உத்தரவு பிறந்தது. ரஜாவில் ஊருக்குப் போகும் சிப்பாய்கள் சேர்த்து வைத்த சம்பளப் பணத்தைக் கையில் எடுத்துப் போகவேண்டாம், உண்டியலாக மாற்றிக்கொண்டு போங்கள் என்பது அதன் சாரம். அதாவது, பணம் எங்கே இருந்ததோ அங்கேதான் தக்கர்களின் கை நீண்டது. இதில் மர்மம் ஏதாவது உண்டா? மந்திரம் உண்டா? வழிப்பறிக்காரனின் புத்திதானே இது?

ஆனால் உலகத்துக்கு வழிப்பறிக்காரன் கதை ருசிக்கவில்லை. காளிக்குப் பலியிடும் ரகசியக் கூட்டத்தின் கதைதான் ருசித்தது. 1839-ல் மெடோஸ் டெய்லர் என்பவர் ஒரு தக்கன் தானே சொல்லுவதுபோல் நாவல் எழுதினார். சீமையிலே அது போற்றி வாசிக்கப்பட்டது. 1933-ல் ஸ்லீமனின் பேரன் தன் புத்தகத்தின் பெயரிலேயே "பத்து லட்சம் கொலைகள்" என்று போட்டுக்கொண்டார். 1984-ல் ஹாலிவுட்டார் இலங்கைக் கண்டியில் படமெடுத்து, காளி பூசாரி உயிரோடு இருப்பவன் நெஞ்சிலிருந்து இருதயத்தைப் பிடுங்குவதாகக் காட்டிப் பணம் சேர்த்தார்கள். 2018-ல் இந்திக்காரர்களும் தக்கர் பெயரைப் போட்டு ஒரு பெரிய படம் எடுத்தார்கள்.

இவர்கள் சொல்லும் கணக்கின் யோக்கியதைக்கு ஒரு உதாரணம் போதும். பெஹ்ராம் என்ற தக்கன் 931 பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்று சாதனைப் புத்தகங்களில்கூட அச்சடித்தார்கள். அவனுடைய வாக்குமூலம் இருக்கிறது. தன் கையால் கொன்றது சுமார் 125, பிறர் கொல்லக் கூட நின்று பார்த்தது 150 என்பதே அவன் சொன்னது. 125 கொலை போதாதா? அதை 931 ஆக்கினால்தான் வாசிக்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது, புத்தகமும் விற்கிறது. கொன்றவனுக்குக் கணக்குப் போட இத்தனை பேர் இருக்கிறார்களே, செத்தவர்களில் ஒருவனுடைய பெயராவது, ஊராவது, அவன் மூட்டையிலே யாருக்கு என்ன வாங்கிக்கொண்டு போனான் என்பதாவது நமக்குத் தெரியுமா?

காளி சங்கதிக்கு வருவோம். தூக்குக் கயிறு முன்னால் தொங்க, அப்ரூவராக மாறினவர்கள் சொன்னதை நம்பி இங்கிலீஷ்காரர் மதச்சாயத்தை அதிகமாகப் பூசிவிட்டார்கள் என்று இக்காலத்துச் சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். நமது தோழர்களில் சிலர், "காளி பக்தியின் லட்சணம் பார்த்தீர்களா?" என்று மேடையில் சொல்லக் கிடைத்த நல்ல உதாரணம் கை நழுவுகிறதே என்று வருத்தப்படலாம். வருத்தம் வேண்டாம். அறிவு இயக்கத்தார் பொய்யைக் கொண்டு வழக்கு ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை. மேலும், உண்மை நம் கட்சிக்கு இன்னும் அதிக அனுகூலம்.

உண்மை என்ன? ஷெர்வுட் கண்ட பான்சிகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், கும்பிட்டதோ அம்மனை! வடக்கே இந்துவும் முஸ்லிமும் ஒரே கூட்டத்தில் இருந்து கொன்றார்கள். கழுதை கத்தினால் ஒரு சகுனம், ஆந்தை அலறினால் ஒரு சகுனம் என்று பார்த்துப் புறப்பட்டார்கள். குழி தோண்டும் கொத்துக்குப் பூசை போட்டார்கள். கொன்றபின் வெல்லம் படைத்துத் தின்றார்கள். பெண்களைக் கொல்லக்கூடாது, இன்ன இன்ன தொழிலாளரைக் கொல்லக்கூடாது என்று அம்மன் பெயரால் விதியும் வைத்திருந்தார்கள். ஆனால் மூட்டை கனமாக இருந்தபோது அந்த விதி பறந்துபோயிற்று. பெண்களையும் கொன்றார்கள் என்பதற்கு அவர்கள் வாக்குமூலமே சாட்சி. ஆகவே, கொலை செய்யத் தூண்டியது பணம். அம்மன் செய்த வேலை என்ன? ஜாமீன்! கொன்றவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்கு, "பாவம் என்னுடையதல்ல, அவளுடைய கட்டளை" என்று சொல்லிக்கொள்வதற்கு ஒரு ஜாமீன்தார் வேண்டியிருந்தது. கடவுளைவிட நல்ல ஜாமீன்தார் யார் கிடைப்பார்? கச்சேரிக்கு வரமாட்டார்; குறுக்கு விசாரணைக்கு நிற்கமாட்டார்; "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று ஒருநாளும் மறுக்கமாட்டார். அத்தனை வருஷத்தில், "போதும், கொல்லாதே" என்று ஒரு கழுதையின் வாயால்கூட அம்மன் சொன்னதாகத் தகவல் இல்லையே!

இந்தக் கதைமோகத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று பாருங்கள். 1836-ம் வருஷத்துச் சட்டப்படி, இன்ன கொலையைச் செய்தான் என்று ருசுப்படுத்த வேண்டியதில்லை. எப்போதாவது தக்கர் கூட்டத்தில் சேர்ந்திருந்தான் என்று ருசுவானால் ஆயுள் தண்டனை. இப்படிப் பழகிய சர்க்கார் புத்தி, 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டமாக முற்றியது. பிறவியிலேயே திருடன் உண்டு என்பது அதன் சித்தாந்தம். 1911-க்குப் பின் அது நம் மாகாணத்துக்கும் வந்து, கள்ளர், குறவர் முதலிய ஜாதியார் கைரேகை வைத்துவிட்டு ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்கவேண்டியவர்களானார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947-ல்தான் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஸ்லீமனுக்குப் பிரதான அப்ரூவராய் இருந்த பெரிங்கியா பிறப்பால் பார்ப்பனன். அதற்காகப் பார்ப்பன ஜாதி முழுவதையும் எந்தச் சர்க்காராவது ரேகைப் புஸ்தகத்தில் ஏற்றியதா? இல்லை. ஏற்றியிருக்கவும் கூடாது. ஏற்றக்கூடாது என்ற நியாயம் அக்கிரகாரத்துக்கு இருந்தது, கள்ளநாட்டுக்கு மட்டும் ஏன் இல்லாமற்போயிற்று என்பதே நம் கேள்வி.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்பவர்களுக்கு நம் ஜில்லாவிலிருந்தே பதில் சொல்லுகிறோம். தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்த ஒரு அம்மாள் கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்துவந்தார். 2022 செப்டம்பரில் காணாமற்போனார். உறவினர் கொடுத்த புகாரைப் பிடித்துக்கொண்டு போன போலீசார், அக்டோபரில் பத்தனம்திட்டை ஜில்லா எலந்தூரில் ஒரு வைத்தியர் வீட்டுத் தோட்டத்தில் துண்டுகளாகப் புதைக்கப்பட்டிருந்த உடலை எடுத்தார்கள். ஜூன் மாதம் காணாமற்போன இன்னொரு ஏழை லாட்டரிக்காரப் பெண்ணின் உடலும் அங்கேயே கிடைத்தது. நரபலி கொடுத்தால் ஐசுவரியம் வரும் என்று பேஸ்புக்கில் பெண் பெயரில் ஒளிந்திருந்த ஒருவன் சொல்ல, அதை நம்பி இதைச் செய்தார்கள் என்பது போலீசார் 2023-ல் கோர்ட்டில் வைத்த குற்றச்சாட்டு.

தோழர்களே, கவனியுங்கள். சிநேகம் காட்டிக் கூட்டிப்போவது, பணத்தாசை, மேலே ஒரு தெய்வத்தின் ஜாமீன் — தக்கர் கதையில் எது பாக்கி? இது காட்டு வழியிலே, பஸ்ஸும் போலீசும் இல்லாத காலத்திலே நடக்கவில்லை. இந்தியாவிலேயே அதிகம் படித்தவர்கள் என்று பேர்பெற்ற நாட்டிலே, டெலிபோன் கையிலே வைத்திருந்தவர்களைப் பற்றியே இந்தக் குற்றச்சாட்டு. எழுதப் படிக்கத் தெரிவது வேறு, பகுத்தறிவு வேறு என்று நாம் ஓயாமல் சொல்லுவது ஏன் என்று இப்போதாவது விளங்குகிறதா?

பொதுஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்த வீட்டை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நரபலி வீட்டைப் பார்க்க 50 ரூபாய் என்று ஒரு ஆட்டோவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். அதே நாட்களில், செத்துப்போன அம்மாளின் பிள்ளைகள் தாயின் உடலைப் பெற்று அடக்கம் செய்வதற்குப் பரிசோதனை முடியட்டும் என்று ஒரு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். கொன்ற வீட்டுக்கு ஆட்டோ ஓடிற்று. செத்தவள் வீட்டுக்கு எத்தனை பேர் போனீர்கள்? எலந்தூர் என்றால் தெரிகிறது. அந்த அம்மாள் நம் ஜில்லாக்காரி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"இதெல்லாம் பக்தியைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் செய்வது, உண்மையான பக்தி அப்படியல்ல" என்று ஆஸ்திகர்கள் சொல்லுவார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் தப்பு எது, சரி எது என்று எதைக் கொண்டு தீர்மானிக்கிறீர்கள்? நாமும் பல்லி சொன்னால் பயணத்தை நிறுத்துகிறோம். பூப்போட்டுப் பார்த்துக் கல்யாணம் செய்கிறோம். கிடா வெட்டினால் அம்மன் கொடுப்பாள் என்கிறோம். ரத்தம் கொடுத்தால் வரம் வரும் என்ற கணக்கை ஒப்புக்கொண்ட பிறகு, ஆட்டோடு நிற்கவேண்டும் என்று யார் சொல்லுகிறார்? உங்கள் அம்மனா? உங்கள் மனச்சாட்சியும் பீனல் கோடும் அல்லவா சொல்லுகின்றன? மனச்சாட்சிதான் நியாயம் சொல்லுகிறது என்றால் நடுவிலே அம்மனுக்கு என்ன வேலை?

மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர் என்ற பெரியார் இதையே சொல்லி, 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செத்த பிறகுதான் அங்கே நரபலி, மாந்திரீகம் முதலியவற்றுக்கு எதிரான சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2017-ல் வந்தது. ஈரோட்டில் பிறந்த இயக்கம் நடமாடிய நாட்டில் அப்படி ஒரு சட்டம் இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே வந்திருக்க வேண்டாமா? ஆயினும் சட்டம் வந்தாலும், கொலைக்குப் பிறகு வந்து நிற்பதுதான் அதன் வேலை. கொலைக்கு முன்னால் நிற்கவேண்டியது நீங்கள்.

பென்னாகரத்திலும், அரூரிலும், பாலக்கோட்டிலும் உள்ள தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். புதையல் இருக்கிறது, பரிகாரம் செய்தால் கிடைக்கும் என்று ஒருவன் ஊருக்குள் வந்தால், அவனை வேடிக்கை பார்க்காதீர்கள். நாலு பேர் நடுவில் நிறுத்திக் கணக்குக் கேளுங்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போன ஏழைப் பெண் வீட்டுக்குப் போன் பண்ணாமல் இரண்டு நாள் ஆனால், மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் ஊரார் சேர்ந்து புகார் கொடுங்கள். தக்கர் கதை படிக்க ஆசை இருந்தால் படியுங்கள். படித்து முடித்தவுடன் அந்தக் குழிக்குள் கிடந்தவன் யாருடைய அப்பன் என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலைக்காரனுக்கு ஜாமீன் கொடுக்கக் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று ஜனங்கள் நம்புகிற வரையில், தக்கர்கள் ஒழிந்தார்கள் என்று ஸ்லீமன் மட்டுமல்ல, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.