பிழையாகப் பேசப் பழகுவோம்

"பல மொழிகள் கற்பதனால் ஏற்படும் நன்மைகள்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் இந்நாட்டில் இருக்க முடியாது. வேலை வாய்ப்புப் பெருகும், வணிகம் வளரும், பிற இனத்தாரோடு நல்லுறவு மலரும் என்று மூன்று பத்திகள் எழுதி, முடிவுரையில் ஒரு பழமொழியையும் சேர்த்துவிட்டால் நல்ல புள்ளிகள் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் எழுதினேன். அதில் பொய் ஏதுமில்லை. ஆயினும், ஒரு முக்கியமான செய்தியை நான் அதில் எழுதவில்லை. எழுதும் அளவிற்கு அப்பொழுது எனக்குத் தெரியவுமில்லை. ஒரு புதிய மொழியைக் கற்பவர் முதலில் கடக்க வேண்டியது அதன் இலக்கணத்தை அன்று, தம் வெட்கத்தை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தேசிய மொழியைப் படித்தேன். படித்தது தேர்வுக்காக, பேசியது மிகக் குறைவு. புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திற்குச் சென்றபோதுதான், மூவின மாணவர்களும் அமர்ந்திருக்கும் வகுப்பில் எழுந்து நின்று மலாயில் பேச வேண்டிய நாள் வந்தது. 'என் அம்மா கடையில் நிறைய பொருள்கள் வாங்கினார்' என்று சொல்ல நினைத்தேன். மலாயில் பொருளுக்கு 'பாராங்' என்று பெயர். வெட்டுக்கத்திக்கும் 'பாராங்' என்றுதான் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆனால் பொருளைக் குறிக்கும் சொல்லில் வருவது 'அம்பு' என்பதில் உள்ள பகர ஒலி. கத்தியைக் குறிக்கும் சொல்லில் வருவது 'பல்' என்பதில் உள்ள பகர ஒலி. தமிழில் ஒரே எழுத்து இடத்திற்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கும். சொல்லின் முதலில் அந்த வேறுபாட்டைக் கேட்க நம் காது பழகவில்லை. ஆகவே, என் அம்மா அன்று கடையில் நிறைய பாராங் கத்திகளை வாங்கினார்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதன் பிறகு பல மாதங்களுக்கு அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த சொற்கள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆயினும் தெரிந்ததைச் சொல்லும் துணிவு போய்விட்டது. இலக்கணப் பிழையைத் திருத்த ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். இழந்த துணிவை மீட்க அப்படி எந்தப் புத்தகமும் கிடையாது.

பின்னர் மலாய் எனக்கு நெருக்கமானது தேர்வினால் அன்று. அதற்குள் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரைக் கண்டதனால்தான். ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டிற்கும் ஒரே சொல்தான் உண்டு. மலாயிலோ நம் மொழியைப் போலவே இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'கித்தா'. அவரை விட்டுவிட்டால் 'காமி'. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர் முயன்று மனனம் செய்ய வேண்டிய இந்த வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலிலேயே வந்தது. அதன் பிறகு கண்ணில் பட்டவை தமிழிலிருந்து மலாய்க்குக் குடிபெயர்ந்த சொற்கள். கப்பல் 'காப்பால்' ஆகவும், கடை 'கெடாய்' ஆகவும், கட்டில் 'காத்தில்' ஆகவும், பெட்டி 'பெத்தி' ஆகவும், திரை 'தீராய்' ஆகவும், வணிகத்தில் போடும் முதல் 'மோடால்' ஆகவும் அங்கே இருந்தன. கோயில் 'குயில்' ஆகியிருந்தது! நாமும் வாங்காமல் இல்லை. ரம்புத்தான், துரியான் இருக்கட்டும். நம் பாட்டன்மார் சொன்ன 'ஈய லம்ப'த்தில் உள்ள லம்பம் மலாய்க்காரர்களின் சுரங்கச் சொல்தான். புதிய மொழியின் இன்பம் இத்தகையது. அயல்வீடு என்று தயங்கித் தயங்கி உள்ளே நுழைகிறோம். அங்கே நம் வீட்டுச் செம்பு இருக்கிறது.

இந்நிலத்தில் தமிழே பிறர் விரும்பிக் கற்ற மொழியாக இருந்த காலமும் உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். யேமனிலிருந்து வந்து நாகூரில் மணம்புரிந்த ஓர் அரபியரின் வழிவந்தவர். 1849இல் வெளிவந்த 'ஹிக்காயாட் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றில், தம் தந்தை தம்மை ஓர் ஆசிரியரிடம் தமிழ் கற்க அனுப்பியதை அவர் குறிப்பிடுகிறார். கணக்கு வழக்குப் பார்க்கவும், மலாக்காவில் நிறைந்திருந்த இந்திய வணிகர்களோடு பேசவும் தமிழ் தேவைப்பட்டதாம். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நகரில் முன்னோர் காலந்தொட்டே வழக்கமாம். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'முன்ஷி' என்ற பட்டமும், மலாக்கா கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததனால் வந்தது. மொழிகளைக் கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்த மண் இது.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னர், எவருடைய வற்புறுத்தலும் இன்றி மண்டரின் வகுப்பில் சேர்ந்தேன். அம்மொழியில் வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. குரல் தாழ்ந்து மீண்டும் எழுந்தால் வாங்குவது. மேலிருந்து சட்டென விழுந்தால் விற்பது. தமிழில் குரல் ஏறுவதும் இறங்குவதும் கோபத்தையோ கேள்வியையோ காட்டும். சொல்லின் பொருளை மாற்றாது. அங்கே ஏற்ற இறக்கமே சொல். கற்பவருக்கு இது பெரிய மலைதான். எனினும், வினைச்சொல் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வடிவம் மாறுவதில்லை என்று அறிந்தபோது பெருமூச்சு விட்டேன். நேற்றும் 'மாய்', நாளையும் 'மாய்'. நானும் 'மாய்', அவர்களும் 'மாய்'. ஒவ்வொரு மொழியும் ஓரிடத்தில் நம்மைப் படுத்தினாலும் வேறோரிடத்தில் இளைப்பாற விடுகிறது.

கற்றதைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில், விடுமுறைக்கு வீடு திரும்பியபோது ரவாங் சந்தைக்குச் சென்றேன். ரவாங் அதற்குப் பொருத்தமான ஊர்தான். 1894ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தியது இங்கேதான். மலாயாவின் மின்சார வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தமிழரும் ஒரு சீனரும் கூட்டுத்தொழில் செய்த ஊரில், ஒரு தமிழ்ப் பெண் சீன மொழியில் கீரை வாங்கக்கூடாதா? காய்கறி விற்கும் மூதாட்டியிடம், வகுப்பில் மனனம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தமிழில் கேட்டார்: "தங்கச்சி, நீ விக்க வந்தியா, வாங்க வந்தியா?"

இளமையில் தோட்டத்தில் தமிழ்ப் பெண்களோடு பால்மரம் சீவியவராம். அங்கே கற்ற தமிழ். அவர் பேச்சில் திணை, பால் எல்லாம் கலந்து கிடந்தன. 'அவன் வந்துச்சு' என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உள்ளம் நிறைந்தது. அவரோ அந்த 'மாய்' என்ற சொல்லை எனக்கு நான்கைந்து முறை சொல்லிக் காட்டி, நான் சரியாகச் சொல்லும்வரை கீரையைத் தரவில்லை. அவரும் சிரித்தார்தான். என்றாலும் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் 'இன்னொரு முறை சொல்' என்ற அழைப்பு இருந்தது. முதலாம் படிவத்தில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

கீரைக்கட்டோடு வீடு திரும்பும் வழியில் வேறொரு சிரிப்பு நினைவுக்கு வந்து என்னைச் சுட்டது. அது என்னுடைய சிரிப்பு.

முதலாம் ஆண்டில் ஒரு தமிழ் நிகழ்ச்சியில் அறிவிப்புச் செய்ய ஒரு தோழி மேடையேறினாள். தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். 'விழாவிற்கு வருகை தந்திருக்கும்' என்பதை 'விலாவிற்கு வருகை தந்திருக்கும்' என்றாள். 'விலா' என்றால் உடலின் பக்கப்பகுதி. அரங்கம் குலுங்கியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நானும் விலா நோகச் சிரித்தேன். அவள் அறிவிப்பை எப்படியோ முடித்துக்கொண்டு இறங்கினாள். அதன் பிறகு எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்கும் அவள் வரவில்லை. நெடுநாள் கழித்து நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என்னிடம் அவள் தமிழில் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் ஏறக்குறைய ஓர் அயல்மொழிதான். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வழியுண்டு. அந்த 15 பேர் சேராத பள்ளிகளும் உண்டு; சேர்ந்தாலும் வாரத்தில் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். அத்துடன் நம் மொழியின் கடினம் வேறு. லகர, ளகர, ழகரங்களைக் கடக்க வேண்டும். 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று வீட்டில் கேட்டதை 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுத வேண்டும். பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் ஒன்று என இரண்டு மொழிகளைக் கற்கும் சுமை அது. இத்தனையையும் கடந்து மேடையேறிய ஒருத்தியை ஒரே ஒரு ழகரத்திற்காக நாம் திருப்பி அனுப்பினோம்.

"பிழையைப் பொறுத்துக்கொண்டால் தமிழ் சிதைந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பிழை திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. கேள்வி திருத்துவதைப் பற்றியது அன்று; எப்போது, எப்படித் திருத்துவது என்பதைப் பற்றியது. மேடையிலிருந்து இறங்கியவளைத் தனியே அழைத்து நாவை எங்கே மடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும் திருத்தம்தான். அவையோடு சேர்ந்து சிரிப்பது திருத்தமாகாது. பிழையோடு பேசுபவரால் ஒரு மொழி அழிந்ததில்லை. அவர் நாளை பிழையின்றிப் பேசக்கூடும். பேசுவதையே நிறுத்திவிட்டவரிடம் மொழிக்கு நாளை ஏது?

1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப் அவர்களைக் கொண்டாடும் நாம், அயல்நாட்டார் ஒருவர் 'வணக்கம்' என்று மழலையில் சொன்னால் கைதட்டும் நாம், சொந்தப் பிள்ளையின் மழலையை மட்டும் ஏன் மன்னிப்பதில்லை? அந்நியன் நம் மொழி பேசினால் பெருமை, நம்மவன் தடுமாறினால் அவமானம் என்னும் இரட்டை அளவுகோல் தமிழுக்கு எந்த நன்மையும் செய்யாது.

தனிநாயகம் அடிகளாரை அறியாத தமிழ் மாணவர் இந்நாட்டில் இருக்கக்கூடாது. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1966இல் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டியவர் அவர். ஆனால் 1913இல் இலங்கையின் ஊர்காவற்றுறையில் பிறந்த அடிகளார், ஆங்கிலவழிக் கல்வி பெற்று, உரோம் நகரில் படித்துத் திரும்பி, வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில்தான் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவர்தாம், 1679இல் அச்சான ப்ரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபடியும் வெளிக்கொணர்ந்தார். பிறமொழி அறிவு அவரைத் தமிழிலிருந்து விலக்கவில்லை. தமிழின் தொலைந்த செல்வத்தை எடுத்துவரும் வழியாயிற்று. முப்பது வயதில் தமிழ்ப் பாடம் கேட்கத் தொடங்கிய அவரைப் பார்த்து ஓர் அரங்கம் சிரித்திருந்தால், அவர் மனமொடிந்து ஒதுங்கியிருந்தால், இழப்பு யாருக்கு?

ஆகவே, தமிழ் மாணவர்களாகிய நம்மிடம் நான் வேண்டுவன இரண்டே. முதலாவது, தேர்வுக்காக அல்லாமல் விருப்பத்திற்காக ஒரு மொழியைக் கற்போம். அது மண்டரினோ, அரபோ, ஜப்பானியமோ, பள்ளியில் பயந்து பயந்து படித்த மலாயோ ஆகட்டும். சந்தையிலும் பேருந்திலும் பிழையாகப் பேசி, பிறர் சிரிக்கத் தாமும் சிரித்து, மீண்டும் முயல்வோம். அந்தக் கூச்சத்தை ஒருமுறை அனுபவித்தவர், தமிழில் தடுமாறும் இன்னொருவரைப் பார்த்து எளிதில் நகைக்க மாட்டார். இரண்டாவது, நம் நிகழ்ச்சிகளில் ழகரம் வராதவர்களுக்கும் ஒலிவாங்கியைக் கொடுப்போம்; அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்போம்.

ரவாங் சந்தையில் கீரை விற்கும் அந்த மூதாட்டிக்குத் தெரிந்த தமிழ்ப் பண்பு இது. தமிழ் படித்த நமக்குத் தெரியாமல் போகலாமா?