உறைந்து நிற்கும் திரையும் உண்மைக் காரணத்தைத் தேடும் கடமையும்



குருவிகுளம் போன்ற கரிசல் கிராமங்களிலும் இன்று கணினி இல்லாத தெரு அரிது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காளோ அண்ணனோ பெற்ற கருவி, இப்போது தம்பிமாரின் கைக்கு வந்திருக்கும். அதில் அவர்கள் ஆடுவனவற்றுள் ஒன்று லுவாண்டி. ஃபின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா என்ற நிரலாளர் 2010இல் ‘மைன்டெஸ்ட்’ என்ற பெயரில் தொடங்கியது. 2024இல் இப்பெயர் பெற்றது. கட்டிகளை அடுக்கி வீடும் கோட்டையும் ஊரும் எழுப்பும் ஆட்டம் இது. விலை இல்லை, தன்னார்வலர்களே வளர்க்கிறார்கள். விரும்புவோர் லுவா மொழியில் கூடுதல் நிரல் எழுதிச் சேர்க்கலாம். நம் பிள்ளைகள் சிலர் அதையும் செய்கிறார்கள்.

இவ்வாட்டத்தில் அவர்களை வாட்டும் தொல்லை ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் திரை திடீரென உறைந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. சில நொடிகளில் மீளும், அல்லது மீளாமலே கிடக்கும். ‘ஹேங் ஆகிவிட்டது’ என்ற குரல் கேட்டதும் வீட்டில் மூன்று தீர்ப்புகள் வரும். ‘கண்ணேறு பட்டுவிட்டது’ என்பது ஒன்று. ‘விளையாட்டு என்றாலே இப்படித்தான், மூடி வை’ என்பது மற்றொன்று. ‘கருவி பழையது, தவணையில் புதிது வாங்கிவிடுவோம்’ என்பது மூன்றாவது. மூன்றும் விசாரிக்காமல் வழங்கிய தீர்ப்புகளே. முதலாவது மார்க்கத்தின் பெயரால் ஊகத்தை வளர்க்கிறது. இரண்டாவது பிள்ளையின் கேள்வியை அடைக்கிறது. மூன்றாவது, தேவையே இல்லாமல் ஒரு குடும்பத்தை வட்டிக் கடனின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

கண்ணேறு உண்மை என்பது ஹதீஸ்களால் உறுதியானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ‘கண்ணேறு உண்டு’ என்று நம்புவது வேறு, ‘இந்த நிகழ்வு அதனால்தான் நடந்தது’ என்று சாதிப்பது வேறு. இரண்டாவது கூற்றுக்குச் சான்று வேண்டும். ஹிஜ்ரி 10இல் நபிகளார் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மறைவால்தான் கிரகணம் ஏற்பட்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். தம் வீட்டுக்குப் பெருமை சேர்க்கும் அப்பேச்சை நபிகளார் ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் நிகழ்வதில்லை என்று அத்துயர நாளிலேயே திருத்தினார்கள். இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்ற பாடம் நமக்கு அன்றே கிடைத்துவிட்டது.

அப்படியானால் காரணத்தை எப்படித் தேடுவது? மதரஸாவில் நாம் கற்பிக்கும் உஸூலுல் ஃபிக்ஹிலேயே இதற்கு வழி உண்டு. ஒரு சட்டத்தின் ‘இல்லத்’தை, அதாவது அதன் அடிப்படைக் காரணத்தைக் கண்டறிய அறிஞர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று ‘அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்’. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் இதை விரிவாகப் பேசியுள்ளனர். காரணமாக இருக்கக்கூடிய அனைத்தையும் முதலில் பட்டியலிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்து, பொருந்தாதவற்றை நீக்க வேண்டும். எஞ்சி நிற்பதே காரணம். உறைந்த திரைக்கும் இதே வழியைப் பின்பற்றலாம்.

முதலில் வெப்பம். கரிசல் தூசி மடிக்கணினியின் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால், செயலி சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்து ஆடினால் நிலைமை இன்னும் மோசம். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் கழிந்த பிறகே தொல்லை வருகிறது, விசிறியும் இரைகிறது என்றால் ஐயம் இதன்மேல் விழ வேண்டும். தூசியை நீக்கிப் பலகைமேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது நினைவகப் பற்றாக்குறை. பின்னணியில் உலாவி திறந்திருந்தால், இடம் போதாமல் கணினி தன் சுமையை வன்தட்டுக்கு மாற்றும். வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. அந்த இடைவெளியே உறைதலாகத் தெரிகிறது. மற்ற அனைத்தையும் மூடிவிட்டு ஆடிப் பார்க்கலாம். மூன்றாவது வன்தட்டின் பழுது. ஆட்டத்துக்கு வெளியிலும் கோப்புகள் திறக்கத் தாமதமானால், முதலில் முக்கியமானவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பதே அறிவுடைமை. நான்காவது ஆட்டத்தின் அமைப்பு. பார்வைத் தொலைவை மிகுதியாக வைத்தால், கணினி ஒரே நேரத்தில் பெருநிலப்பரப்பை வரைய வேண்டியிருக்கும். அதைக் குறைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாவது, பிள்ளைகள் சேர்த்த கூடுதல் நிரல்கள். அவை எதுவும் இல்லாத புதிய உலகம் ஒன்றைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். அங்கே உறைதல் இல்லையென்றால் குற்றவாளி நிரல்களுக்குள்தான் இருக்கிறது. பதினாறு நிரல்கள் இருந்தால் பதினாறு முறை சோதிக்கத் தேவையில்லை. பாதியை அணைத்துவிட்டு ஆட வேண்டும். உறைதல் தொடர்ந்தால் எஞ்சிய எட்டில் இருக்கிறது. நின்றால் அணைத்த எட்டில் இருக்கிறது. காரணம் ஒரே நிரல் என்றால் 8, 4, 2, 1 என்று நான்கே சோதனைகளில் அகப்பட்டுவிடும்.

அகப்பட்டதாலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. உஸூலில் ‘தவரான்’ என்றொரு முறை உண்டு. காரணம் இருக்கும்போது சட்டம் இருக்கிறதா, நீங்கும்போது நீங்குகிறதா என்று பார்ப்பது அது. திராட்சைச் சாறு ஹலால். போதையேறி மதுவானால் ஹராம். அதுவே காடியாகிப் போதை நீங்கினால் மீண்டும் ஹலால். ஆகவே போதையே காரணம் என்பர். இம்முறை மட்டும் சான்றாகப் போதுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள். நம் பிள்ளையும் அந்த நிரலை நீக்கிப் பார்க்க வேண்டும், மீண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும், மறுபடி நீக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஐந்தை ஒருசேர மாற்றினால் தொல்லை தீர்ந்தாலும் காரணம் தெரியாது.

இத்தகைய தேடலின் பயனை உலகம் கண்டிருக்கிறது. விண்டோஸ் 95 இயங்கிய கணினிகள் தொடர்ந்து 49.7 நாள்கள் ஓடினால் உறைந்து நின்றுவிடக்கூடும். மில்லிநொடிகளை எண்ணும் எண்ணி ஏறத்தாழ 429 கோடியை எட்டியதும் மீண்டும் சுழிக்குத் திரும்பியதே காரணம். அது வெளிப்படவே பல ஆண்டுகள் ஆயின. 2021இல் ஜிடிஏ ஆன்லைன் என்ற ஆட்டம் தொடங்க எடுத்துக்கொண்ட நீண்ட நேரத்துக்கான காரணத்தை, அந்நிறுவனத்தைச் சேராத ஆர்வலர் ஒருவர் கண்டறிந்தார். சுமார் 63,000 பொருள்களின் பட்டியலைக் கணினி வீணாகத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தது. நிறுவனம் அதைத் திருத்தி, அவருக்குப் பத்தாயிரம் டாலர் வெகுமதியும் அளித்தது. அந்த ஆட்டத்தின் உள்ளடக்கத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. அந்த மனிதரின் பொறுமையைத்தான் சுட்டுகிறோம்.

காரணம் தெரிந்தபின் அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிவிப்பதும் ஓர் அமானிதம். ‘உங்கள் நிரல் மோசம்’ என்று எழுதுவது பழிச்சொல். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது உறைந்தது, எத்தனை முறை அப்படி நடந்தது என்று எழுதுவது சாட்சியம். ஆட்டம் தன் கோப்புறையில் எழுதிவைக்கும் பதிவேட்டையும் இணைக்கலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையின் சிறு வடிவம்தான் இது.

‘விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா, நேரம் வீணாகாதா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தொழுகையையும் பாடத்தையும் உறக்கத்தையும் விழுங்கும் எதுவும் தவறுதான். பாங்கு ஒலித்தால் திரை அணைய வேண்டும். ஆனால் ஆடுவது வேறு, ஆராய்வது வேறு. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ‘என்ன மாற்றினாய், என்ன நடந்தது, எழுது’ என்று சொல்லிப் பாருங்கள். சான்றில்லாமல் எதையும் சாதிக்கக் கூடாது என்று அங்கே பழகும் பிள்ளை, நாளை வாட்ஸ்அப்பில் வரும் செய்தியையும் விசாரிக்காமல் பரப்பாது. அக்கம்பக்கத்தாரைப் பற்றிய வதந்தியையும் நம்பாது. செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை மனனம் செய்யும் பிள்ளைக்கு, அதன்படி நடக்கவும் களம் வேண்டுமல்லவா?

காரணங்களைப் படைத்தவன் அல்லாஹ். அவற்றை ஊகத்தால் அன்றி உழைப்பால் தேடும் நற்பழக்கத்தை நமக்கும் நம் மக்களுக்கும் அவன் வழங்குவானாக. ஆமீன்.