மெட்டு ஊருக்குத் திரும்பிப் போகுமுன் எழுதி வைப்போம்

ஆலயத்து அன்பர்கள், தாய்மார்கள், தேவார வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

நம்ம ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் ஒரு டேப்லெட் வச்சி, அதில் இசைக்குறிப்பு எழுதும் சாப்ட்வேர் போட்டுப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரமா வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுது. "சாமி பாட்டுக்கும் மிஷினா?" என்று சில பெரியவங்க கேட்டிருக்காங்க. "நோட்டேஷன் வெள்ளைக்காரன் சங்கதி, நமக்கு எதுக்கு?" என்று ஒரு அண்ணன். "டேப்லெட்டைக் கையில் கொடுத்தா பிள்ளைங்க கேம்தான் விளையாடும்" என்று ஒரு அம்மா. மூணுமே மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனா என் கருத்து, டேப்லெட் வைக்கணும். எதுக்கு வைக்கிறோம், எந்த இடத்துக்கு அது வரக்கூடாது என்பதை முதல்லயே முடிவு பண்ணிட்டு வைக்கணும்.

நான் சங்கீதம் படிச்சவன் இல்லை. எஸ்பிஎம் முடிச்சதோட தொழிற்சாலைக்குப் போயாச்சு, இன்னிக்கு சூப்பர்வைசர். கோயிலில் அன்னதானம், கார் பார்க்கிங் பாக்கிறவன். வகுப்பு அன்னிக்கு மண்டபத்தில் பாய் விரிச்சி, சுருதிப் பெட்டியை எடுத்து வைப்பேன். அப்படியே ஓரமா உட்கார்ந்து பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். அதனால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்.

நடக்கிறது இதுதான். நம்ம நாட்டுக் கோயில்கள் பலதும் ஓதுவாருக்கும், நாதஸ்வரம் தவில் வாசிக்கிறவங்களுக்கும் இந்தியாவை நம்பித்தான் இருக்கு. அவங்க பெர்மிட்டில் வர்றாங்க. பெர்மிட் முடிஞ்சா ஊருக்குத் திரும்பிடுவாங்க. நமக்கு இருந்த ஓதுவார் ஐயா பிள்ளைங்களுக்கு அவ்வளவு பொறுமையா சொல்லிக் கொடுத்தார். அவர் போன பிறகு பிள்ளைங்ககிட்ட என்ன மிச்சம்? பாட்டுப் புத்தகம் இருக்கு. அதில் வார்த்தை இருக்கு, மெட்டு இல்லை. ஆளுக்கொரு வீடியோவைப் பார்த்துப் பழகி, இப்ப ஒரே பதிகத்தை நாலு பிள்ளை நாலு விதமா இழுக்குது. போட்டிக்குப் போனா நடுவர் முன்னால நம்ம பிள்ளைங்களே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்குது.

இன்னொரு விஷயம் எனக்கு இதை விடப் பெரிய கவலை. நம்ம கோயிலுக்கு ஆடி மாசம் வந்து அம்மனுக்குத் தாலாட்டுப் பாடுற ஆயாவை எல்லாருக்கும் தெரியும். அவங்க பாடுற மெட்டு எந்த யூடியூபிலும் இல்லை. அது அவங்க பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயில் மெட்டு. அந்தத் தோட்டமே இன்னிக்கு இல்லை, வீடமைப்பு வந்தாச்சு. அங்க இருந்த சனங்க தாமான் தாமானா பிரிஞ்சி போயாச்சு. அந்த மெட்டை முழுசாப் பாடத் தெரிஞ்சவங்க நம்ம வட்டாரத்தில் இப்ப ஒருத்தர்தான். அவங்களுக்கு வயசு எழுபத்தெட்டு. இதுக்கு மேல நான் விளக்கத் தேவையில்லை.

எங்க வேலை இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மிஷினை இருபது வருஷம் ஓட்டின ஆள் ஓய்வு பெறப் போறார்னா, அவர் செய்யுற வேலையை ஒவ்வொரு படியா எழுதி, படம் எடுத்து, லைனில் மாட்டி வைப்போம். அவர் சத்தத்தை வச்சே பேரிங் போகப் போகுதுன்னு சொல்லிடுவார். அந்தக் காதை எழுதி வைக்க முடியாது. ஆனா எத்தனை சுற்று திருகணும், எந்த வரிசையில் திருகணும் என்பதை எழுத முடியும். அந்தத் தாள் இருந்தா புது ஆள் பாதி வழியில் இருந்து ஆரம்பிப்பான். இல்லேன்னா முதல்ல இருந்து. இசைக்குறிப்பும் எனக்கு அந்தத் தாள் மாதிரிதான் தெரியுது.

இது வெள்ளைக்காரன் சங்கதி என்று சொன்ன அண்ணனுக்கு ஒரு பதில். சென்னையில் சின்னசாமி முதலியார் நம்ம கர்நாடக சங்கீதப் பாட்டுகளை மேல்நாட்டு ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி 1893-லேயே புத்தகம் போட்டார். 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று பெரிய நூல் வெளியிட்டார். அதில் ச ரி க ம எழுத்துக்கு மேலேயே கமகத்துக்குத் தனித்தனி அடையாளம் போட்டிருந்தார். 1917-ல் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தமிழிசையை ஆராய்ந்து 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். நம்ம ஆளுங்களே, பாட்டு அழிஞ்சிடக் கூடாதுன்னு பயந்து எழுதி வச்சவங்க. அவங்க கையில் பேனா இருந்தது, நம்ம கையில் டேப்லெட் இருக்கு.

அதுக்கும் முன்னால போங்க. திருமுறை கண்ட புராணம் சொல்ற கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் கதவைத் திறந்து பார்த்தா ஏடுகளைப் பாதிக்கு மேல் கரையான் அரிச்சிருந்தது. மிச்சம் இருந்ததைத் தொகுத்தாங்க. அதோட கதை முடியலை. வார்த்தை கிடைச்சும் பண் தெரியலை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைத் தேடிக் கண்டுபிடிச்சித்தான் பண் அமைச்சாங்க. ஏடு இருந்தும் பாடத் தெரிஞ்ச ஒருத்தர் தேவைப்பட்டது. பாடத் தெரிஞ்சவங்க இருந்தும் ஏடு இல்லாம எத்தனையோ பதிகம் போச்சு. ரெண்டும் வேணும் என்பதுக்கு இதை விட என்ன சாட்சி?

சரி, இந்த சாப்ட்வேர் என்னதான் செய்யும்? சங்கீதம் தெரியாத என் மொழியில் சொல்றேன்.

சம்பந்தர் பாடிய முதல் பதிகம் நட்டபாடைப் பண். இன்னிக்கு அதைப் பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் பாடுறாங்க. அதில் ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். ஒரு கட்டை சுருதி வச்சா கீபோர்டில் எல்லாமே வெள்ளைக் கட்டை: சி, இ, எஃப், ஜி, பி. ஆசிரியர் ஒரு வரி பாடுவார். கீபோர்டு தெரிஞ்ச பிள்ளை அதைக் கேட்டு டேப்லெட்டில் ஒவ்வொரு சுரமா வைக்கும். சுரத்துக்குக் கீழேயே பாட்டு வார்த்தையைத் தமிழில் பிரிச்சிப் பிரிச்சி எழுதலாம். எந்த எழுத்து எவ்வளவு நேரம் நீளுது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எழுதி முடிச்சா அதுவே வாசிச்சிக் காட்டும். வேகம் அதிகமா இருந்தா பாதியாக் குறைக்கலாம், சுருதி மாறாது. கஷ்டமான ரெண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடலாம். பெண் பிள்ளை ஐந்து கட்டையில் பாடணும், குரல் உடைஞ்ச பையன் ஒரு கட்டையில் பாடணும்னா, மொத்தப் பாட்டையும் ஒரே கட்டளையில் மாத்திடலாம். ஆதி தாளம்னா எட்டு எண்ணிக்கை, மிச்ர சாப்புன்னா ஏழு. முதல்ல அதைக் கொடுத்துட்டா, ஒரு எண்ணிக்கை தவறினாலும் எந்தக் கட்டத்தில் தவறினதுன்னு பிள்ளைக்கே புரியும்.

இதில் இன்னொரு நன்மை. நம்ம பிள்ளைங்க பலர் பள்ளியில் ரெக்கார்டர் ஊதியிருக்கு, சிலது பியானோ வகுப்புக்கும் போகுது. ஐந்து கோட்டுக் குறிப்பு அதுங்களுக்குப் படிக்கத் தெரியும். ஆயாவுக்கு மெட்டு தெரியும், குறிப்பு தெரியாது. பேத்திக்குக் குறிப்பு தெரியும், மெட்டு தெரியாது. இந்த ரெண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்க இது ஒரு காரணம் ஆகும். "ஆயா, இந்த இடம் சரியா?" என்று பேத்தி நாலு தடவை கேட்டாலே அதில் பாதி பாடம் முடிஞ்சது.

இனி அதால முடியாததையும் சொல்லணும். சாப்ட்வேர் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் பியானோ மாதிரி நேரா நிக்கும். நம்ம பாட்டில் சுரம் அப்படி நிக்காது. தோடி ராகத்தில் காந்தாரம் அசையணும். அசைவு இல்லேன்னா அது தோடியே இல்லை. தாளம் இல்லாம விருத்தமாப் பாடுறதைக் கட்டத்துக்குள்ள அடைச்சா அது வேற பாட்டாப் போயிடும். ழகரம் வாயில் எப்படி வரணும்னு அது சொல்லாது. உருகிப் பாடுறதையும் சொல்லாது. டேப்லெட்டை மட்டும் வச்சிப் படிச்ச பிள்ளை சுரம் தப்பாம பாடும், ஆனா தேவாரம் பாடாது. அதனால பெரியவங்க பயப்படுறதில் நியாயம் இருக்கு. அந்தப் பயத்துக்குப் பதில் டேப்லெட்டைத் தடுக்கிறது இல்லை, அதுக்கு ஒரு எல்லை போடுறதுதான்.

நிர்வாகத்துக்கு நான் பணிவோட வைக்கிற யோசனைகள்:

ஒன்று. டேப்லெட் கோயில் சொத்தா இருக்கணும். வகுப்பு நேரம் மட்டும் வெளியே வரும், ஆசிரியர் கையில் இருக்கும். இணையம் தேவைப்படாத நேரம் அணைச்சி வச்சிட்டா கேம் பிரச்சினை பாதி தீரும்.

இரண்டு. முதல்ல ஆசிரியர் வாயால பாடிக் கேட்கணும், பிறகுதான் திரை. வீட்டுப் பயிற்சிக்குக் குறிப்பு, வகுப்புக்கு வாய்ப்பாடம்.

மூணு. சன்னதிக்குள்ள டேப்லெட் வரக்கூடாது. சாமி முன்னால பாடும்போது மனப்பாடமாப் பாடணும். பிள்ளை சாமியைப் பார்க்கணும், திரையைப் பார்க்கக் கூடாது.

நாலு. ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு மட்டும் போதாது, பாடினவர் குரல் பதிவும் கூடவே வேணும். குறிப்பு எலும்பு, குரல் சதை. யாரிடம் கேட்டது, எந்த ஊர் மெட்டு, எந்தத் தேதி என்பதையும் அதிலேயே எழுதணும்.

ஐந்து. ஒரு சாப்ட்வேரை மட்டும் நம்பக்கூடாது. மியூஸ்ஸ்கோர் கம்ப்யூட்டரில் இலவசமாக் கிடைக்குது, எழுதவும் செய்யலாம். டேப்லெட்டில் பிரவுசர் வழியா எழுதுறதுக்கு ஃப்ளாட், நோட்ஃப்ளைட் மாதிரி இருக்கு. எதில் எழுதினாலும் மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு நகல் எடுத்து வச்சா, நாளைக்கு வேற சாப்ட்வேரிலும் திறக்கலாம். அதோட பேப்பரில் அச்செடுத்து கோயில் பீரோவில் ஒரு ஃபைல். டேப்லெட் பழுதாகும், பேப்பர் நிக்கும்.

ஆறு. மெட்டு போட்டவர் இருந்தா, அவர் அனுமதி கேட்டுத்தான் எழுதணும், அவர் பேரைப் போடணும். ஓதுவார் ஐயாவை வேலைக்கு வச்சதால அவர் படிச்ச வித்தை முழுக்க நமக்குச் சொந்தம்னு நினைக்கக் கூடாது.

சிலர் கேட்கலாம், "குரலைப் பதிவு பண்ணினாலே போதாதா?" என்று. பதிவு ரொம்ப முக்கியம்தான். ஆனா பதிவைக் கேட்கிற பிள்ளை அந்தக் குரலைக் காப்பி அடிக்கும், எங்க மூச்சு விடுறாங்க என்பதையும் சேர்த்துக் காப்பி அடிக்கும். எழுத உட்கார்ந்தா, இது எந்தச் சுரம், ஏன் இங்க நீளுது என்று யோசிச்சே ஆகணும். எழுதுற வேலையே ஒரு பாடம். பத்துத் தடவை கேட்டதை விட ஒரு தடவை எழுதினது மனசில் நிக்கும்.

புது ஓதுவார் வருவாரா, எப்ப வருவார் என்பது நம்ம கையில் இல்லை. ஆயா இன்னும் எத்தனை ஆடி மாசம் பாடுவாங்க என்பதும் நம்ம கையில் இல்லை. இன்னிக்கு இருக்கிறதை எழுதி வைக்கிறது மட்டும்தான் நம்ம கையில் இருக்கு. அதனால வகுப்பு விஷயத்தை நிர்வாகம் அடுத்த கூட்டத்தில் பேசட்டும், நல்ல முடிவு எடுக்கட்டும். ஆயா மெட்டு மட்டும் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவங்ககிட்ட கேட்டாச்சு, சம்மதம் சொல்லிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சி சாயந்தரம் மண்டபத்தில் உட்கார்றோம். கீபோர்டு தெரிஞ்ச பிள்ளை ரெண்டு பேர் வேணும், நல்ல மைக் ஒண்ணு வேணும். முடிஞ்சவங்க கமெண்டில் பேர் கொடுங்க. ஆயாவுக்கு இளஞ்சூட்டில் சுக்குத் தண்ணி நான் கொண்டு வர்றேன்.

தவறா ஏதும் பட்டா பெரியவங்க எடுத்துச் சொல்லுங்க. கேட்டுக்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.