கோதுமை மா வேற... கோதுமை மாவு வேற!

விசா வந்தாச்சு, பெட்டியில அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி, ஊறுகாய், ரசப் பொடி எல்லாம் ஏறியாச்சு. ஆனா, மைதாவையும் பேக்கிங் பவுடரையும் யாரும் கட்டிக்கிட்டுப் போறதில்லை. 'கேக் ஊருக்கே போறோம், அங்கே கிடைக்காதா என்ன?'ங்கிற நினைப்புதான். கிடைக்கும். ஒரு ஷெல்ஃப் முழுக்கக் கிடைக்கும். பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்குது.

ஜெர்மனியை எடுத்துக்குவோம். நம்ம இன்ஜினீயரிங் மக்கள் எம்.எஸ். படிக்கக் கூட்டம் கூட்டமா கிளம்புற தேசமாச்சே! ரூம்மேட்டுக்கு பர்த் டே வருது. பய முட்டை தொட மாட்டான். வெளியே கேக் வாங்கினா பர்ஸ் பழுத்துடும். ஊருக்கு போனைப் போட்டு அம்மாகிட்ட எக்லெஸ் மில்க்மெய்டு கேக் ரெசிபி கேட்கறீங்க. மைதா, பேக்கிங் பவுடர், சோடா, வெண்ணெய், மில்க்மெய்டு, வெனிலா எசன்ஸ். ஆறே ஐட்டம். ஆறுலயும் ஒரு ஆப்பு சொருகி வெச்சிருக்காங்க!

முதல்ல மைதா. அந்த வார்த்தையே அங்கே கிடையாது. பாக்கெட் மேல 405, 550, 1050-னு பஸ் ரூட் மாதிரி நம்பர்தான் இருக்கும். 100 கிராம் மாவை எரிச்சா எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும்ங்கிற கணக்கு அது. தவிடு போகப் போக சாம்பல் குறையும், மாவு வெளுக்கும். கேக்குக்கு 405-ஐக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். பரோட்டா ஆசை வந்தா 550.

'எதுக்கு இந்தத் தலைவலி, நம்ம தமிழ்க் கடைக்கே போயிடலாமே'ன்னு ஈழத்து அண்ணன் கடைக்குப் போறவங்களுக்கும் ஒரு ட்விஸ்ட் உண்டு. இலங்கைத் தமிழ்ல 'கோதுமை மா'ன்னா நம்ம மைதா. நாம சப்பாத்தி போடற கோதுமை மாவுக்கு அங்கே பேரு 'ஆட்டா மா'. ரெண்டு பேரும் சுத்தமான தமிழ்லதான் பேசிக்கறாங்க, ஆனா சப்பாத்திக்கு மைதா வந்து சேரும்!

அடுத்தது சோடா. இங்கே மட்டும் விளையாட்டு வேணாம் மக்களே. ஜெர்மன்காரங்க 'சோடா'ன்னு பாக்கெட்ல போட்டு விக்கிறது துணி துவைக்கிற சோடியம் கார்பனேட். டிடர்ஜென்ட் பக்கத்துல இருக்கும். வாய்க்குள்ள போனா தொண்டை, வயிறெல்லாம் எரிச்சு எடுத்துடும். நமக்கு வேண்டிய சமையல் சோடா அங்கே 'நாட்ரோன்'. குட்டிப் பாக்கெட்ல, கேக் சாமான்கள் பக்கத்துல இருக்கும். அது சிக்கலைன்னா சோடா ஒரு ஸ்பூன் வேண்டிய இடத்துல பேக்கிங் பவுடர் மூணு ஸ்பூன் போட்டுச் சமாளிக்கலாம்.

பேக்கிங் பவுடருக்குப் பேரு 'பாக்புல்வர்'. நம்ம ஊர் மாதிரி டப்பா இல்லாம சின்னச் சின்னப் பாக்கெட்டா வரும். சின்னதாச்சேன்னு முழுசாக் கொட்டிடாதீங்க. ஒரு பாக்கெட் அரைக் கிலோ மாவுக்கு! பீலஃபெல்டுங்கிற ஊர்ல மருந்துக்கடை வெச்சிருந்த ஆகஸ்ட் ஓட்கர், 1890-கள்ல இப்படி அரைக் கிலோ கணக்குப் போட்டுப் பொட்டலம் கட்டி வித்தார். அந்தக் கணக்குதான் இன்னிக்கும் ஓடுது. உங்க 150 கிராம் மாவுல மொத்தத்தையும் போட்டா கேக் ஜம்முனு எழும்பி, அப்புறம் நடுவுல குழி விழுந்து, வாயில வெச்சா கசக்கும். ஒரு டீஸ்பூன், சொச்சம் போதும்.

இப்ப ஹீரோ, மில்க்மெய்டு. 'கொண்டென்ஸ்மில்ஷ்'னு எழுதியிருக்கிற டின்னைப் பார்த்ததும் 'கண்டென்ஸ்டு மில்க் கிடைச்சிடுச்சுடோய்'னு துள்ளாதீங்க. அது காபிக்கு ஊத்தற, சர்க்கரையே இல்லாத கெட்டிப் பால். கேக்ல போட்டா இனிப்பும் இருக்காது, நிறமும் வராது. எக்லெஸ் கேக் பஞ்சு மாதிரி ஈரமா இருக்கறதுக்கு அந்த டின்ல இருக்கிற சர்க்கரையும் ஒரு காரணம். அதனால 'கெட்ஸுக்கர்ட்', அதாவது சர்க்கரை சேர்த்ததுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு பிராண்டுக்குப் பேரே 'மில்ஷ்மேட்ஷென்'. மில்க்மெய்டுங்கிற பேரை அப்படியே ஜெர்மனாக்கிட்டாங்க! ரஷ்யக் கடைகள்லயும் இந்த இனிப்புப் பால் டின் தாராளமாக் கிடைக்கும். ஏற்கெனவே தப்பு டின்னை வாங்கிட்டீங்களா? 340 கிராம் பாலுக்கு 300 கிராம் சர்க்கரை போட்டு, கரையற வரைக்கும் மெல்லிய சூட்டுல கிண்டுங்க. ஆறினதும் அளந்து ஊத்துங்க, டின்னைத் தூக்கிப் போட வேணாம்.

வெண்ணெய் விஷயம் ஒரு வரி. நம்ம வீட்ல பிரெட்டுக்குத் தடவற மஞ்சள் வெண்ணெய்ல உப்பு இருக்கும், அங்கே சாதாரணமா வர்ற வெண்ணெய்ல இருக்காது. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தா அம்மா கேக் ருசி வந்துடும். எசன்ஸுக்குப் பதிலா வெனிலா சர்க்கரைப் பாக்கெட் கிடைக்கும். ஒண்ணு பிரிச்சுப் போடுங்க, முடிஞ்சது.

மில்க்மெய்டு இல்லாம வேற ஏதாவது ரெசிபி பிடிச்சு, அதுல முட்டை கேட்டா என்ன பண்றது? பொடிச்ச ஆளி விதை ஒரு டேபிள் ஸ்பூன், தண்ணி மூணு டேபிள் ஸ்பூன், பத்து நிமிஷம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு ஆயிடும், ஒரு முட்டைக்கு இது ஈடு. கேக்கும் பிரியாம சேர்ந்து நிக்கும். ஆனா முட்டையை நுரைக்க அடிச்சே உப்ப வைக்கிற ஸ்பாஞ்ச் கேக்குக்கு இந்த டெக்னிக் சரிப்படாது.

இதெல்லாம் டூப்ளிகேட் வேலைன்னு யாராவது கிண்டல் பண்ணா, பர்மிங்காம் ஆல்ஃபிரட் பேர்டு கதையை எடுத்து விடுங்க. இவரும் மருந்துக்கடைக்காரர்தான்! மனைவிக்கு முட்டை ஆகாதுன்னு 1837-ல சோள மாவை வெச்சு முட்டையில்லாத கஸ்டர்டு பவுடர் பண்ணார். ஈஸ்ட்டும் ஆகாதுன்னு தெரிஞ்சதும் 1843-ல பேக்கிங் பவுடர் பண்ணார். நாம ஒரிஜினல்னு தேடி அலையறதே ஒரு காலத்துல மாத்துப் பொருள்தான் பாஸ்.

கடைசியா ரெண்டு சங்கதி. அவன் குமிழ்ல ஃபேன் படம் போட்ட செட்டிங் இருந்தா, ரெசிபியில சொன்னதைவிட 20 டிகிரி குறைச்சு வைங்க. அப்புறம், சாமானெல்லாம் சனிக்கிழமையே வாங்கிடுங்க. ஞாயித்துக்கிழமை ஜெர்மனியில சூப்பர் மார்க்கெட் பெரும்பாலும் பூட்டுதான். பெரிய ரயில்வே ஸ்டேஷன்களுக்குள்ள இருக்கிற கடைகள் சிலது திறந்திருக்கும். அங்கே வெண்ணெய் கிடைச்சுடும். நாட்ரோனுக்கு நான் கேரண்டி இல்லே!